சொல்லாமல் விடுவதற்கும் உரிமை உண்டு: மானிடவியல் வகுப்பும் நம் வீட்டுப் பெண்களும்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வேலை முடிந்து பஸ்ஸில் இருந்தபடி கேட்பவர்களுக்கும், சமையலறையில் போனைச் சாத்தி வைத்துவிட்டுக் கேட்பவர்களுக்கும், ஊரில் விடியற்காலையில் எழுந்து இணைந்திருப்பவர்களுக்கும் என் அன்பு.

நான் டொரொன்டோவின் கிழக்கே, ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கிலிருந்து பேசுகிறேன். கென்னடி ரோடும் எல்ஸ்மியர் ரோடும் சந்திக்கும் இடத்தைச் சுற்றியிருக்கும் பகுதி இது. எல்ஸ்மியரில் 95ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், அதே ரோட்டில் நேராகப் போய் டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் இறங்கலாம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் போய்ப் படிக்கிறார்கள். அவர்களில் மானிடவியல் பாடம் எடுக்கும் சிலருடைய கட்டுரைகளை வாசித்து, கருத்துச் சொல்லி வருகிறேன். அவர்கள் கொண்டுவரும் பாடத்திட்டங்களில் இரண்டு சொற்கள் தவறாமல் இருக்கின்றன. ஒன்று பெண்ணியம், மற்றது காலனிய நீக்கம். “இதை வீட்டில் அம்மாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?” என்று ஒரு மாணவி கேட்டார். இந்த உரை அந்தக் கேள்விக்கான பதில்.

முதலில் சொற்களை எளிமையாக வைத்துவிடுகிறேன். மானிடவியல் என்பது மனிதர்கள் வாழும் விதத்தை அவர்களோடு இருந்து, பார்த்து, கேட்டு எழுதும் துறை. அந்த எழுத்தை இனவரைவியல் என்கிறோம். பெண்ணிய அணுகுமுறை, ‘இந்த மனிதர்களில் பெண்கள் எங்கே?’ என்று கேட்கிறது. காலனிய நீக்க அணுகுமுறை, ‘இந்த அறிவை யார், எந்த அதிகாரத்தோடு, யாருக்காகச் சேர்த்தார்கள்?’ என்று கேட்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது கேள்வி ஒன்று பிறக்கிறது. ‘சொல்ல மாட்டேன் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது?’ நான் இன்று பேசப்போவது பெரும்பாலும் இந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான்.

அளக்கப்பட்டவர்கள்

தமிழர்களுக்கும் மானிடவியலுக்குமான உறவு அளவுகோலில் தொடங்கியது. எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தார். கே. ரங்காச்சாரியின் உதவியோடு அவர் தொகுத்த தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து, மனிதர்களை வகை பிரித்த காலம் அது. இன்றும் நம்மவர்கள் தங்கள் சாதிக்குப் ‘பெருமை’ தேடும்போது இந்தத் தொகுதிகளை மேற்கோள் காட்டுகிறார்கள். அளந்த கருவி போய்விட்டது, அளவு நம் வாயில் தங்கிவிட்டது.

இலங்கையிலும் கதை வேறில்லை. வேடர்களைப் பற்றி செலிக்மன் தம்பதியர் எழுதிய நூல் 1911இல் வந்தது. அதன் முகப்பில் கணவர் சார்ல்ஸின் பெயரோடு மனைவி பிரெண்டாவின் பெயரும் இருக்கிறது. அந்தக் காலத்தில் இது அரிது. பல ஆய்வாளர்களின் மனைவியர் பெண்களோடு பேசித் தகவல் திரட்டினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது முன்னுரையில் ஒரு வரி நன்றி. ஆனால் செலிக்மன் நூலிலும் பெயர் கிடைத்தது கேட்டவர்களுக்குத்தான். கேட்கப்பட்ட பெண்களுக்கு ‘இதை எழுத வேண்டாம்’ என்று சொல்லும் இடம் எங்கும் இருக்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து வான்கூவர் வரை

இந்தக் கதையில் ஒரு திருப்பம் கேத்லீன் கஃப். 1925இல் இங்கிலாந்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்தவர். முதலில் கேரளத்திலும், பிறகு 1951 முதல் 1953 வரை தஞ்சாவூர் மாவட்டத்திலும் கள ஆய்வு செய்தார். தான் தங்கிய ஊர்களுக்குக் கும்பபேட்டை, கிரிப்பூர் என்று புனைபெயர் கொடுத்தார். நாயர் பெண்களின் மண உறவுகளைப் பற்றிய அவருடைய 1959ஆம் ஆண்டுக் கட்டுரை, ‘திருமணம்’ என்பதற்கு உலகம் முழுவதற்கும் பொருந்தும் வரையறை சாத்தியமா என்ற விவாதத்தையே மாற்றியது. தஞ்சையில் அவர் பார்த்தது நிலம். யாரிடம் நிலம் இருக்கிறது, யார் குத்தகைக்கு உழுகிறார்கள், யார் கூலிக்கு நாற்று நடுகிறார்கள் என்பதை விட்டுவிட்டுச் சாதியைப் பேச முடியாது என்பது அவர் நிலைப்பாடு.

1968இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை துறையையே உலுக்கியது. மானிடவியல் ஏகாதிபத்தியத்தின் நிழலில் பிறந்து வளர்ந்த துறை. அப்படியிருந்தும் அந்த ஏகாதிபத்தியத்தையே ஓர் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ள அது தயங்குகிறது என்பது அவர் வாதம். அப்போது அவர் கனடாவில், சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தார். 1969இல் அங்கு நடந்த வேலைநிறுத்தத்தில் பங்கெடுத்ததற்காக மற்றச் சில ஆசிரியர்களோடு இடைநீக்கம் செய்யப்பட்டார். அதற்குப் பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1976இல் தஞ்சைக்குத் திரும்பிப் போனார். தஞ்சைக் கிராமச் சமூகம் பற்றிய அவருடைய பெரிய நூல் 1981இல் வந்தது. 1990இல் வான்கூவரில் காலமானார். ‘காலனிய நீக்கம்’ என்ற சொல் பாடத்திட்டங்களுக்குள் வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே, ஒரு தமிழ்க் கிராமத்தைப் படித்த பெண் கனடாவில் இருந்துகொண்டு அந்த வேலையைச் செய்தார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதே மாவட்டத்தில் ஆய்வு செய்த ஆந்திரே பெத்தேயின் சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய நூல் 1965இல் வந்தது. அவர் அக்கிரகாரத்தில் தங்கியிருந்தார். அதனால் ஊர் அவரையும் அக்கிரகாரத்து ஆளாகவே பார்த்தது. சேரிக்குள் அவரால் தாராளமாகப் போய்வர முடியவில்லை. இதை அவரே நூலில் எழுதிவைத்திருக்கிறார். எந்தத் தெருவில் தங்குகிறோமோ அந்தத் தெருவின் கண்ணால்தான் ஊர் தெரியும். ‘நான் எங்கே நின்று பார்க்கிறேன்’ என்பதை வெளிப்படையாகச் சொல்வது பெண்ணிய ஆய்வில் அடிப்படை விதி. அந்த விதியின் தேவையைத் தஞ்சாவூர்த் தெரு ஒன்றே நமக்குக் காட்டுகிறது.

பெண்ணியம் எதை மாற்றியது?

பெண்களையும் சேர்த்து எண்ணுவது முதல் படி மட்டும்தான். அதைத் தாண்டி, எதை ‘முக்கியம்’ என்று கருதுகிறோம் என்பதையே பெண்ணியம் மாற்றியது. ஓர் உதாரணம் சொல்கிறேன். டோர்செட் பார்க்கின் பொருளாதாரத்தை எழுது என்றால் ஒருவர் கடைகளையும் தொழிற்சாலைகளையும் வீட்டு வாடகையையும் எழுதுவார். இந்தப் பக்கத்துப் பெண்கள் பிடிக்கும் சீட்டு அதில் வராது. ஆனால் எத்தனையோ வீடுகளில் முதல் கார், மகளின் படிப்புச் செலவு, ஊரில் ஒரு கலியாணம் எல்லாம் அந்தச் சீட்டுக் காசில்தான் நடந்தன. சீட்டில் கையெழுத்து இல்லை, வங்கி இல்லை. யாரை நம்பலாம், யாருக்கு இந்த மாதம் அவசரம் என்ற அறிவு மட்டும் இருக்கிறது. அந்த அறிவைப் பொருளாதார அறிவு என்று ஏற்பதுதான் பெண்ணிய மானிடவியல்.

இலங்கையில் இதை ஆழமாகச் செய்தவர் மாலதி டி அல்விஸ். 1990இல் தெற்கில் உருவான அன்னையர் முன்னணியை ஆராய்ந்தவர். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தாய்மார் அழுதார்கள், சாபமிட்டார்கள். அந்தக் கண்ணீரை ‘உணர்ச்சி’ என்று ஒதுக்காமல் அரசியல் மொழியாக வாசித்தார் மாலதி. அதோடு நிற்கவில்லை. ‘தாய்’ என்ற அடையாளம் எந்தக் கதவைத் திறக்கிறது, எந்தக் கதவை மூடுகிறது என்பதையும் சேர்த்தே கேட்டார். 1984இலேயே யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி வீதியில் இறங்கியதை அறிந்த நமக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. அவர் 2021இல் மறைந்தார்.

இன்னொருவர் மானிடவியலாளர் அல்ல. ரஜனி திராணகம யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர். ‘முறிந்த பனை’ நூலுக்காக, இந்திய இராணுவ காலத்தில் பெண்கள் பட்டதைப் பெண்களிடமே கேட்டு எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மகள் ஷரிகா திராணகம மானிடவியலாளராகி, போரையும் வீட்டையும் பற்றி 2011இல் வெளியிட்ட நூலின் பெயரில் ‘தாயின் வீடு’ இருக்கிறது. 2014இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை டொரொன்டோத் தமிழரிடையே தொலைதூரத் தேசியவாதம் எப்படி உருவாக்கப்பட்டது என்பதைப் பற்றியது. அதாவது நம்மைப் பற்றியது. அந்தக் கட்டுரையோடு உடன்படலாம், சண்டை பிடிக்கலாம். வாசிக்காமல் இருக்க முடியாது.

பேச மறுத்த பெண்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கமலா விஸ்வேஸ்வரன் தமிழ்நாட்டில் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்ட பெண்களைச் சந்தித்து ஆய்வு செய்தவர். அவருடைய நூல் 1994இல் வந்தது. அதில் ஒரு கட்டுரையில், ஒரு பெண் தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைச் சொல்லாமல் விடுகிறார். அவருடைய தோழி அதை ஆய்வாளரிடம் சொல்லிவிடுகிறார். இப்போது ஆய்வாளர் என்ன செய்வது? எழுதினால் அந்தக் காட்டிக்கொடுப்பில் தானும் பங்காளி. எழுதாவிட்டால் வரலாற்றில் ஓர் ஓட்டை. விஸ்வேஸ்வரன் அந்தச் சிக்கலையே கட்டுரையின் பொருளாக்கினார். பேசவே மறுத்த ஒரு பெண்ணைப் பற்றியும் தனி அத்தியாயம் எழுதினார். மௌனத்தைத் தோல்வியுற்ற நேர்காணலாகப் பார்க்காமல், அந்தப் பெண் எடுத்த ஒரு முடிவாகப் பார்த்தார். ஆய்வாளர்கள் தூரதேசக் களப்பணிக்குப் போவதற்கு முன் தங்கள் சொந்த இடத்தை ஆராயும் ‘வீட்டுப்பாடத்தை’ச் செய்ய வேண்டும் என்றும் அவர் வாதிட்டார்.

இதை ஸ்காபரோவில் வைத்துப் பாருங்கள். நம் அம்மம்மாமாரின் வாழ்க்கையில் ‘நேர்காணல்’ என்ற சொல்லுக்கு ஒரு குறிப்பான பொருள் இருக்கிறது. ஒரு மேசை. எதிரே ஓர் அதிகாரி. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். முன்பு எழுதிக்கொடுத்ததும் இப்போது வாயால் சொல்வதும் ஒத்துவர வேண்டும். ஒரு திகதி பிழைத்தால் கதையே பொய்யாகிவிடலாம். கதை பொய்யானால் திருப்பி அனுப்பப்படலாம். அகதி விசாரணையில் நம்பிக்கையின்மை எப்படி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது என்பதைப் பற்றி, இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வாலன்டைன் டானியல், ஜோன் நூட்சனோடு சேர்ந்து 1995இல் ஒரு தொகுப்பே கொண்டுவந்தார். அந்த மேசையில் இருந்து வந்த பெண்ணின் முன்னால், இருபது வயதுப் பேத்தி ஒலிப்பதிவுக் கருவியையும் சம்மதப் படிவத்தையும் வைக்கிறாள். பேத்திக்கு அது பாடம். அம்மம்மாவுக்கு அது எதை நினைவூட்டும்?

என்னிடம் வந்த மாணவி ஒருவருக்கு, குடும்பத்தில் மூத்த பெண் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும்படி வேலை கொடுக்கப்பட்டிருந்தது. 87ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். “அதெல்லாம் இப்ப ஏன்? நீ சாப்பிட்டனியே?” என்றிருக்கிறார் அம்மம்மா. மாணவி தன் குறிப்பேட்டில் ‘பதில் இல்லை’ என்று எழுதி வந்தார். பதில் இருக்கிறது, கேள்விக்குக் கதவை மூடியதும் பேத்தியின் பசியைக் கேட்டதும் அந்தப் பதில்தான் என்று பேசினோம். பிறகு அவர் எழுதியதை முழுவதும் தமிழில் வாசித்துக் காட்டினார். அம்மம்மா கவனமாகக் கேட்டு, இரண்டே இடங்களை எடுக்கச் சொன்னார். ஒன்று ஓர் அயலவரின் பெயர். மற்றது அவர்கள் வாழ்ந்த ஒழுங்கையின் பெயர். இந்த இரண்டாவதை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

நாம் நிற்கும் நிலம்

சொல்ல மறுக்கும் உரிமையை விதியாக எழுதவைத்தவர்கள் இந்த நாட்டின் பூர்வகுடி மக்கள். 1998இல் அவர்கள் நான்கு கொள்கைகளை வகுத்தார்கள். தங்களைப் பற்றிய தகவலின் உடைமை, அதன் மீதான கட்டுப்பாடு, அதை எடுத்துப் பார்க்கும் வசதி, அது யார் கைவசம் இருக்கிறது என்ற கணக்கு. 2010இல் கனடாவின் மூன்று மத்திய ஆய்வு நிதி நிறுவனங்கள் வெளியிட்ட நெறிமுறையில், பூர்வகுடியினர் பற்றிய ஆய்வுக்கென்றே 9ஆவது அத்தியாயம் வந்தது. மொஹாக் சமூகத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் ஆட்ரா சிம்சன் 2007இல் ‘மறுப்பு’ பற்றி எழுதினார். தன் மக்கள் தன்னிடம் சொன்னாலும், வெளியே போனால் அவர்களைப் பாதிக்கும் என்றால் எழுதாமல் நிற்பதும் ஆய்வாளரின் கடமை என்பது அவர் நிலை.

டோர்செட் பார்க்கிலிருந்து லோரன்ஸ் அவெனியூ வழியே கிழக்கே போனால் பெல்லமி ரோட்டுக்குப் பக்கத்தில் டேபர் ஹில் என்ற மேடு இருக்கிறது. 1956இல் வீடு கட்டும் வேலைக்காக மண் அள்ளியபோது, பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட கூட்டுப் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள். அருங்காட்சியக ஆய்வாளர்கள் வந்தார்கள். ஆறு தேசங்களின் மக்களும் வந்தார்கள். அதே ஆண்டு சடங்கு செய்து எலும்புகளைத் திரும்ப அடக்கம் செய்தார்கள். செம்மணி என்ற சொல்லைக் கேட்டதும் வயிறு கலங்கும் நமக்கு, எலும்புகளைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தோண்டுவது நியாயம் கேட்கவா, காட்சிக்கு வைக்கவா, உரியவர்கள் அருகில் நிற்கிறார்களா என்பவை நமக்குத் தெரிந்த கேள்விகள். அதே கேள்விகள் நாம் வீடு வாங்கியிருக்கும் இந்த மண்ணிலும் இருக்கின்றன என்று அறிவதும் காலனிய நீக்கத்தின் பகுதி.

‘எந்த ஊர்?’

இனிச் சற்றுக் கசப்பான பகுதி. காலனிய நீக்கம் என்றால் ‘வெள்ளைக்காரன் எழுதியது பிழை, நம்மவர் சொல்வது சரி’ என்று சுருக்கிக்கொள்ளும் ஆபத்து நம்மிடம் இருக்கிறது.

ஒரு சொல்லை எடுப்போம். ஊர். வாலன்டைன் டானியல் 1984இல் வந்த தன் நூலில் இந்தச் சொல்லை மொழிபெயர்த்து முடித்துவிடாமல், ஒரு கோட்பாடாகவே எடுத்தார். நிர்வாகம் வரையும் கிராமம் வேறு, ஒரு மனிதருக்கு அவர் மண்ணோடு இருக்கும் உறவான ஊர் வேறு என்று காட்டினார். மார்கரெட் ட்ராவிக் 1990இல் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றி எழுதியபோது ‘அன்பு’ என்ற சொல்லை அப்படியே எடுத்து, அடக்கம், பழக்கம், கடுமை என்று அதன் முகங்களைப் பிரித்துப் பார்த்தார். தமிழ்ச் சொல் தரவாக இருந்த நிலை மாறி, சிந்திக்கும் கருவியாக ஆனது. இது காலனிய நீக்கத்தின் நல்ல வழி.

அதே ‘ஊர்’ டோர்செட் பார்க்கில் என்ன செய்கிறது? கலியாண வீட்டில் புதியவர் ஒருவரைச் சந்திக்கிறோம். “எந்த ஊர்?” “ஊரில் எந்தப் பக்கம்?” “கோயிலுக்குக் கிட்டவோ?” மூன்று கேள்விகளில் சாதியை அளந்துவிடுகிறோம். தர்ஸ்டனுக்குக் கருவி தேவைப்பட்டது, நமக்கு அதுகூடத் தேவையில்லை. அந்த அம்மம்மா ஒழுங்கையின் பெயரை ஏன் எடுக்கச் சொன்னார் என்று இப்போது விளங்கும். ஆய்வை வாசிக்கப்போகும் பேராசிரியருக்கு அந்த ஒழுங்கை வெறும் பெயர். நம்மவருக்கு அது முகவரியை விடக் கூடுதலான தகவல். அவர் பயந்தது பல்கலைக்கழகத்துக்கு அல்ல, நமக்குத்தான்.

ஆகவே வீட்டுக்குள்ளே இருப்பவர் என்பதாலேயே ஒருவர் நல்ல ஆய்வாளராகிவிட முடியாது. வீட்டுக்குள்ளும் அக்கிரகாரமும் சேரியும் இருக்கின்றன. ஆண்கள் பேசும் விறாந்தையும் பெண்கள் பேசும் குசினியும் இருக்கின்றன. பெண்ணியம் இல்லாத காலனிய நீக்கம் விறாந்தையோடு நின்றுவிடும். காலனிய நீக்கம் இல்லாத பெண்ணியம், நம் பெண்களை ‘காப்பாற்றப்பட வேண்டியவர்கள்’ என்று வெளியிலிருந்து முத்திரை குத்திவிடும். இரண்டும் ஒன்றையொன்று காவல் காக்க வேண்டும்.

ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே வாழ்ந்த தலித் விவசாயக் கூலிப் பெண் வீரம்மா, தன் வாழ்க்கையைத் தமிழில் ஜோசியான் ராசினிடம் பல வருடங்கள் சொன்னார். 1995இல் பிரெஞ்சு மொழியில் வந்த அந்த நூலின் ஆசிரியர் பெயர்களில் முதலில் நிற்பது வீரம்மா. பிறகுதான் ஜோசியானும் ஜான்-லுக் ராசினும். இதனால் எல்லாச் சமமின்மையும் போய்விடவில்லை. எழுத்தும் பதிப்பும் மொழியும் அவர் கையில் இல்லை. இருந்தும், சொன்னவர் ‘தகவலாளர்’ என்ற நிலையிலிருந்து ஆசிரியராகும்போது ஏதோ ஒன்று அசைகிறது.

பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு

நடைமுறையாகச் சில விஷயங்கள் சொல்லி முடிக்கிறேன்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதுங்கள், பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அதில் கையெழுத்துப் போடுவதோடு சம்மதம் முடிந்துவிடாது. நாளைக்கு மனம் மாறினாலும் எடுத்துவிடலாம் என்பதைச் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள்.

எழுதியதைச் சொன்னவரிடம் திரும்பக் கொண்டுபோங்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் தமிழில் சொல்லுங்கள். எதை எடுக்கச் சொல்கிறாரோ அதை எடுங்கள். ஏன் எடுக்கச் சொன்னார் என்று யோசியுங்கள், ஆனால் அந்தக் காரணத்தைக் கட்டுரையில் போட்டு அவரை மறுபடி காட்டிக்கொடுக்காதீர்கள். நான் இன்று சொன்ன ஒழுங்கைக் கதையைக்கூட அந்த அம்மம்மாவிடம் கேட்ட பிறகுதான் சொன்னேன். “பேரில்லாமல் சொல்லு” என்றார்.

உங்கள் குடும்பம் ஊரில் எந்தத் தெருவில் இருந்தது என்பதை முதல் பக்கத்தில் எழுத முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் ஏன் முடிகிறது? முடியாது என்றால் ஏன் கூசுகிறது? உங்கள் வீட்டுப்பாடம் அங்கே தொடங்குகிறது.

கடைசியாக, பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அகதிக் குடும்பத்துப் பிள்ளையிடம் ‘உன் பாட்டியின் கதையை எழுதி வா’ என்று சொல்லும்போது, பாட்டி மறுத்தாலும் அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளி கிடைக்க வழி வையுங்கள். மறுப்புக்கு மதிப்பெண் இல்லாத வகுப்பில், பேத்தி அம்மம்மாவை வற்புறுத்துவாள். அப்போது அந்தப் பழைய விசாரணை மேசை மறுபடியும் வந்துவிடும், இந்த முறை சொந்த வீட்டுக்குள்.

இனி உங்கள் கேள்விகள். பெயர் சொல்லாமல் கேட்க விரும்புபவர்கள் அப்படியே கேட்கலாம்.